வேலாவதரா, தால் சாப்பரா, அரிசோனாவா? புல்வெளிப் பறவைகளுக்காக ஒரு பயணம்

எங்கள் வீட்டில் ஒரு வருடமாக இதே பேச்சுதான். அண்ணனும் நானும் ஒரே ஒரு பெரிய பயணம் போவது, அதுவும் பாலைவனப் புல்வெளியில் பறவை பார்ப்பதற்காகவே போவது என்று முடிவு செய்துவிட்டோம். எங்கே என்பதில்தான் இழுபறி. அண்ணன் மகள் அரிசோனாவில் வேலை செய்கிறாள். "அத்தை, இங்க வாங்க. என் வீட்டுலேர்ந்து மூணு மணி நேரத்துல பெரிய புல்வெளிச் சரணாலயம் ஒண்ணு இருக்கு" என்று போன தீபாவளிக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். அண்ணனுக்கு மகளையும் பார்த்த மாதிரி இருக்கும். எனக்கோ குஜராத்தின் வேலாவதர் மேல் பல வருட ஆசை. இரண்டுக்கும் நடுவில் ராஜஸ்தானின் தால் சாப்பரும் வந்து சேர்ந்துகொண்டது. மூன்றைப் பற்றியும் படித்து, போய் வந்தவர்களிடம் கேட்டு, பறவைப் பட்டியல்களை மாதவாரியாகப் பிரித்துப் பார்த்துவிட்டோம். தோட்டப்புறத்திலிருந்து இப்படி ஒரு பயணத்தை யோசிக்கும் வேறு யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில், ஏன் புல்வெளி என்று சொல்லிவிடுகிறேன். காட்டுப் பறவை பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் இருக்கும் மலேசியாவின் பேராக் மாநிலத்தை விட்டு நகரவே வேண்டியதில்லை.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். எங்களுக்கு வானம் என்றால் இரண்டு பால்மர வரிசைகளுக்கு நடுவே தெரியும் நீளமான கீற்று. பிறகு செம்பனை வந்தது, அந்தக் கீற்றும் குறுகியது. மறுநடவுக்காகப் பழைய மரங்களைச் சாய்க்கும்போது மட்டும் வானம் முழுசாகத் திறந்துகொள்ளும். இரண்டு மூன்று வருடம் அந்த இடத்தில் லாலாங் புல்லும் மூடுபயிரும் படர்ந்து கிடக்கும். அப்போதுதான் கருந்தோள் பருந்து வரும். காற்றில் ஒரே இடத்தில் நின்று சிறகடித்து, கீழே எலியைக் குறிவைத்து, கல் விழுவதுபோல் இறங்கும். செம்மண் சாலையில் நெட்டைக்காலி வாலை ஆட்டிக்கொண்டு ஓடும். அந்தி சாய்ந்ததும் பக்கி ஒன்று ஆணி அடிப்பதுபோல் 'டொக், டொக்' என்று விடாமல் கத்தும். அப்புறம் கன்றுகள் வளர்ந்து நிழல் கட்டிவிடும். ஒரு நாள் பார்த்தால் அந்தப் பறவைகள் எதுவும் இருக்காது.

எனக்குத் தெரிந்த புல்வெளி அவ்வளவுதான். இரண்டு நடவுக்கு நடுவே வந்து போகும் புல்வெளி. யாரும் நட்டு மூடிவிடாத புல்வெளி எப்படி இருக்கும், அதில் என்னென்ன பறவை வாழும் என்று பார்க்க வேண்டும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கும் ஏக்கம்.

அண்ணனுக்கு வேறு வழி. அவர் செம்பனைத் தோட்டத்தில் கண்டக்டராக, அதாவது மேற்பார்வையாளராக இருந்தவர். எலித் தொல்லைக்கு விஷம் வைப்பதைக் குறைத்து, கம்பத்தில் பெட்டி கட்டிக் கூகைகளைக் குடிவைக்கும் வேலை அவர் பொறுப்பில் இருந்தது. வயதான தொழிலாளர்கள் அதைச் சாவுக்குருவி என்று பயந்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று, "இது நம்ம பழக்குலையைக் காப்பாத்துற பறவை, கல்லால அடிக்காதீங்க" என்று அண்ணன் பலமுறை சொல்லியிருக்கிறார். எந்தப் பெட்டியில் எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்று அவர் எழுதிவைத்த பதிவேடு இன்னும் வீட்டில் இருக்கிறது. திறந்த வெளியில் வேட்டையாடும் பறவை என்றால் அவருக்கு உயிர். இப்போது வயது 67. முழங்கால் தேய்ந்திருக்கிறது. எங்கள் தேர்வில் இந்த முழங்கால்தான் கடைசியில் பெரிய பங்கு வகித்தது.

சரி, அரிசோனாவில் தொடங்குகிறேன்.

அந்த இடத்தின் பெயர் புவெனஸ் அயர்ஸ் தேசிய வனவிலங்கு புகலிடம். அர்ஜெண்டினா தலைநகரம் அல்ல. அங்கே முன்பு இருந்த மாட்டுப் பண்ணையின் பெயர் அது, ஸ்பானிய மொழியில் 'நல்ல காற்று' என்று பொருள். அரிசோனாவின் தெற்கு ஓரத்தில், டூசான் நகரத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரக் கார் பயணத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டி ஆல்டார் பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஏறக்குறைய 117,000 ஏக்கர். ஒரு பக்கம் பாபோகிவாரி சிகரம் செங்குத்தாக நிற்கிறது. தோஹோனோ ஓஓதாம் என்னும் பழங்குடி மக்களுக்கு அது புனித மலை.

அந்த நிலத்தின் கதை என்னை உலுக்கியது. முகமூடி பாப்வைட் என்று ஒரு காடை. ஆணுக்கு முகம் கறுப்பு, மார்பு செங்கல் சிவப்பு. 1884இல்தான் அரிசோனாவில் அதைக் கண்டு பதிவு செய்தார்கள். 1880களில் ரயிலோடு மாட்டு மந்தைகளும் வந்து குவிந்தன. 1890களின் தொடக்கத்தில் கொடும் வறட்சி. இருந்த புல்லையெல்லாம் மாடுகள் வேரோடு மேய்ந்துவிட்டன. 1900 வாக்கில் அந்தக் காடை அரிசோனாவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கண்டுபிடித்துப் பதினாறே வருடம்! எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் சொனோராவில் மட்டும் கொஞ்சம் தப்பிப் பிழைத்தது. அதைத் திரும்பக் கொண்டுவருவதற்காகவே 1985இல் அமெரிக்க அரசு அந்தப் பண்ணையை வாங்கிப் புகலிடமாக்கியது. மாடுகளை வெளியேற்றினார்கள், அளந்து தீ வைத்துப் புதர்களைக் கட்டுப்படுத்தினார்கள், கூண்டில் காடை வளர்த்து வெளியே விட்டார்கள். இன்றுவரை விட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இங்கே நம் ஆட்களுக்குச் சட்டென்று புரியும் ஒரு விஷயம் உண்டு. அந்தப் புல்வெளியை விழுங்கும் முள்மரத்தின் பெயர் மெஸ்கீட். நம் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவு. ராமநாதபுரத்தில் எங்கள் தாத்தா ஊருக்குப் போனபோது கண்மாய் முழுவதும் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அது வெளியிலிருந்து கொண்டுவந்த மரம். ஆனால் அரிசோனாவில் மெஸ்கீட் மண்ணின் சொந்த மரம். அவ்வப்போது மூண்ட காட்டுத்தீ அதை ஓடைக்கரைகளோடு நிறுத்திவைத்திருந்தது. மாடுகள் புல்லைத் தின்று தீர்த்ததும் தீ பரவ வழியில்லை. மாடுகளே மெஸ்கீட் காயைத் தின்று சாணத்தோடு விதையையும் பரப்பின. இதோடு லேமன் லவ்கிராஸ் என்ற ஆப்பிரிக்கப் புல்லும் சேர்ந்து உள்ளூர்ப் புல்லை நெருக்குகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சையாகத்தான் இருக்கும். காடைக்கு வேண்டிய நிலம் அது இல்லை. ஒரே பயிராகிப்போன நிலத்தில் வளர்ந்த எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பறவைகள் என்று பார்த்தால் 300 இனங்களுக்கு மேல் அங்கே பதிவாகியிருக்கின்றன. காம்பல் காடையும் செதில் காடையும் கூட்டமாக ஓடும். சாலையோரத்தில் ரோட்ரன்னர் வரும். அது நம் செம்போத்துக்குச் சொந்தம், இரண்டும் குயில் குடும்பம். செம்போத்து புதருக்குள் தடுமாறி நடப்பதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அதே குடும்பத்துப் பறவை ஒன்று பல்லியைத் துரத்திக்கொண்டு வெட்டவெளியில் ஓடுவது எவ்வளவு புதிதாக இருக்கும்! அரிவாக்கா என்ற சின்ன ஊரின் பக்கத்தில் ஊற்று நீர் தேங்கும் ஒரு சதுப்பு உண்டு. அங்கே தட்டையான நடைபாதை போட்டிருக்கிறார்கள். குங்குமம் கொட்டியது போன்ற சிவப்பில் ஈப்பிடிப்பான் ஒன்று அங்கே சாதாரணம். சாம்பல் வல்லூறும் வரும். நம் கருந்தோள் பருந்தின் அமெரிக்க உறவான வெள்ளைவால் பருந்தையும் பார்க்கலாம். புல்வெளியில் ப்ராங்ஹார்ன் மான்கள் உண்டு. அவற்றையும் ஒரு காலத்தில் இழந்து திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஆனால் மூன்று விஷயங்கள் என்னைத் தயங்க வைத்தன.

முதலாவது, அந்தப் புகலிடத்துக்குக் காரணமான காடையை நாங்கள் பார்க்கும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. அங்கேயே வருடக்கணக்காகப் போகிறவர்களுக்கே அரிதாகத்தான் கண்ணில் படுகிறது. அதை மனதில் வைத்துப் பத்தாயிரம் மைல் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினால் அண்ணனுக்குத் தாங்காது.

இரண்டாவது, அங்குள்ள புல்வெளிக்கே உரிய பறவைகள் பலவும் குருவி வகை. போட்டரி குருவி, காசின் குருவி, வெட்டுக்கிளிக் குருவி என்று பெயர்தான் வேறு வேறு. பார்வைக்கு எல்லாம் சின்னதாய், பழுப்பாய், புல்லுக்குள் ஒளிந்தபடி. குரலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அவை பாடும் காலம் ஜூலை, ஆகஸ்டு. அரிசோனாவிலும் அதை 'மான்சூன்' என்றுதான் சொல்கிறார்கள். முதல் மழை விழுந்ததும் காய்ந்து கிடந்த வெளி சில நாட்களில் பச்சையாகும். காசின் குருவி வானம்பாடி மாதிரி மேலே பறந்து பாடிக்கொண்டே இறங்கும். அதைக் கேட்க எனக்கு ஆசைதான். ஆனால் அந்த மாதங்களில் பகல் வெயில் 35 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும், பிற்பகலில் இடி மின்னல். குளிர்காலத்தில் போனால் வெயில் இல்லை, பாட்டும் இல்லை.

மூன்றாவது, அங்கே கார் இல்லாமல் ஒன்றும் நடக்காது. நமக்கு இடப்பக்கம் ஓட்டிப் பழக்கம், அங்கே வலப்பக்கம். அண்ணன் மகள் ஓட்டுவாள், ஆனால் அவளுக்குக் கிடைக்கும் விடுப்பு நாலு நாள். புகலிடத்துக்குள் பெட்ரோல் கிடையாது, கைப்பேசி இணைப்பும் பல இடங்களில் இல்லை. எல்லைப் பகுதி என்பதால் கள்ளக்கடத்தல் பிரச்சினையும் இருந்திருக்கிறது. 2006இல் எல்லையை ஒட்டிய ஒரு பகுதியைப் பொதுமக்களுக்கு மூடியே வைத்தார்கள், பிறகு திறந்துவிட்டார்கள். பறவை பார்ப்பவர்கள் தொடர்ந்து பத்திரமாகப் போய்வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. ஆனாலும் முழங்கால் வலியோடு ஒருவரை அழைத்துப்போகும்போது, ஆளில்லாத சாலையில் கார் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்காமல் இருக்க முடியாது.

இனி வேலாவதர்.

குஜராத்தில் பாவ்நகர் மாவட்டத்தில் இருக்கிறது. அதிகாரப்பூர்வமான பெயர் வெளிமான் தேசியப் பூங்கா. 34 சதுர கிலோமீட்டர்தான், அரிசோனா புகலிடத்தில் ஏறக்குறைய பதினான்கில் ஒரு பங்குதான் வரும். முன்பு பாவ்நகர் அரச குடும்பத்தின் புல் நிலம். பழக்கிய சிவிங்கிப்புலிகளை விட்டு வெளிமான் வேட்டையாடுவார்களாம். 1976இல் தேசியப் பூங்காவானது. கண்டிப்பாகச் சொன்னால் இது பாலைவனம் இல்லை, வறண்ட புல்வெளி. கடலும் பக்கம், உப்பு மண்ணும் கலந்தது. ஆனால் நான் தேடும் திறந்த வானம் அங்கே இருக்கிறது. தங்க நிறப் புல்லில் முறுக்குக் கொம்போடு கறுப்பு வெள்ளை ஆண் மான்கள் துள்ளும்.

எங்களை இழுத்தது மான் இல்லை, பூனைப்பருந்து. மொண்டாகு, வெளிர், சேற்றுப் பூனைப்பருந்து என மூன்று வகை. கஜக்ஸ்தான் போன்ற மத்திய ஆசிய வெளிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இங்கே வருகின்றன. பகலெல்லாம் சுற்றியுள்ள பருத்திக் காடுகள் மேல் தாழப் பறந்து வெட்டுக்கிளி பிடிக்கும். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது ஒவ்வொன்றாகப் பூங்காவுக்குத் திரும்பும். மரத்தில் இல்லை, தரையில், புல்லுக்கு நடுவே இறங்கி இரவு தங்கும். உலகிலேயே பூனைப்பருந்துகள் பெருங்கூட்டமாகத் தங்கும் இடங்களில் ஒன்று இது. ஒரு காலத்தில் ஒரே மாலையில் ஆயிரத்துக்கு மேல் எண்ணியிருக்கிறார்கள். இப்போது எண்ணிக்கை நன்றாகக் குறைந்துவிட்டது. பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்தையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். குறைந்த பிறகும், ஒரு பூனைப்பருந்தைப் பார்ப்பதற்கே நாள் முழுக்கக் காத்திருக்கும் நமக்கு அது கண்கொள்ளாக் காட்சிதான்.

அண்ணனுக்கு இந்த விவரத்தைப் படித்துக் காட்டியபோது, "தரையிலயா தூங்குது? நரி, ஓநாய் வராதா?" என்றார். வரும். வேலாவதரில் ஓநாயும் கழுதைப்புலியும் உண்டு. அதனால்தான் சுற்றிலும் பார்வை எட்டும் வெளி தேவைப்படுகிறது. அன்றைக்கு அவர் கூகைப் பதிவேட்டை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் அவர் மனமும் இந்தப் பக்கம் சாய்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வேலாவதரின் இன்னொரு வசதி, எல்லாமே வண்டியில் உட்கார்ந்தபடி நடக்கும். வழிகாட்டியோடு ஜீப்பில் போவது, ஓரிடத்தில் நிறுத்திக் காத்திருப்பது, அவ்வளவுதான். அகமதாபாத்திலிருந்து மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். காரோடு ஓட்டுநரும் கிடைப்பார். வனத்துறை விடுதியும் இருக்கிறது, பக்கத்தில் தனியார் விடுதியும் இருக்கிறது. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் கூடுதல், அதைக் கணக்கில் வையுங்கள். நாம் தமிழ் பேசினாலும் மலேசியக் கடப்பிதழோடு போனால் வெளிநாட்டவர்தான். ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை பூங்காவை மூடிவிடுவார்கள். வரகுக்கோழி முட்டையிடும் காலம் அது. ஆண் பறவை புல்லுக்கு மேலே எம்பி எம்பிக் குதித்துத் தன்னைக் காட்டிக்கொள்ளும் காட்சியைப் பூங்காவுக்குள் அந்த மாதங்களில் பார்க்க முடியாது. எனக்கு அது குறைதான். ஆனால் பறவைக்காக மூடுகிறார்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

தால் சாப்பரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், எங்களுக்கு அது இரண்டாவது இடத்துக்கு மேல் ஏறவில்லை. ராஜஸ்தானின் சுரு மாவட்டம், தார் பாலைவனத்தின் ஓரம். பாலைவனப் புல்வெளி என்ற சொல்லுக்கு இந்தியாவில் சரியாகப் பொருந்தும் இடம் இதுதான். பரப்பளவு 719 ஹெக்டேர், அதாவது நம் ஊர் நடுத்தரத் தோட்டம் ஒன்றின் அளவு. அதற்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வெளிமான்கள். அங்கே 'மோதியா' என்று சொல்லும் கோரை, நம் கோரைக்கிழங்கு வகைதான். மானும் விரும்பித் தின்னும், குர்ஜா என்று அவர்கள் அழைக்கும் சின்னக் கொக்கும் கிழங்கைக் கிண்டித் தின்னும். நம் ஊரில் களைக்கொல்லி அடித்துத் தீர்த்துக்கட்டும் அதே கோரை! பூனைப்பருந்தும், கழுகு வகைகளும், வன்னி மரப் பட்டையில் ஊர்ந்து ஏறும் புள்ளி மரமேறியும் அங்கே சிறப்பு. படம் எடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் சொல்ல முடியாது. வெளிச்சம், நெருக்கம், தட்டை நிலம் எல்லாமே கைகூடும்.

எங்களைத் தடுத்தது தூரமும் குளிரும். ஜெய்ப்பூரிலிருந்து 210 கிலோமீட்டர் போல வரும். சுருவில் கோடையில் 50 டிகிரியைத் தாண்டியிருக்கிறது, ஜனவரி இரவில் பூச்சியத்தைத் தொடும். கேமரன் மலைக் குளிரையே போர்வைக்குள் ஒளிந்து கழிக்கும் எங்களுக்கு, விடியற்காலையில் திறந்த ஜீப்பில் அந்தக் குளிர் கஷ்டம். இளவயதுக்காரர்கள், கேமரா வைத்திருப்பவர்கள், இந்தியாவில் ஒரே இடம்தான் பார்க்கப்போகிறேன் என்பவர்கள் தயங்காமல் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஜெய்சல்மேர் பக்கம் உள்ள பாலைவன தேசியப் பூங்காவை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். கானமயில் அங்கேதான் கடைசியாகப் பிழைத்திருக்கிறது, மொத்தமே 150க்குள்தான் என்கிறார்கள். ஒரு காலத்தில் தமிழ்நாடு வரை நடமாடிய பறவை. மின்கம்பியில் மோதிச் செத்துக்கொண்டிருக்கிறது. கூட்டமாகப் போய் அதைத் தேடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. இது என் சொந்தத் தயக்கம், மற்றவர்கள் போகக் கூடாது என்று சொல்லவில்லை.

இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்காமல், போன ஜனவரியில் ஒரு ஒத்திகை பார்த்தோம். பெர்லிஸில் சூப்பிங். முன்பு பெரிய கரும்புத் தோட்டம் இருந்த இடம், மலேசியாவிலேயே அதிக வெப்பம் பதிவான இடமும் அதுதான். 1998 ஏப்ரல் 9ஆம் தேதி 40.1 டிகிரி. குளிர்கால மாதங்களில் வடக்கிலிருந்து பூனைப்பருந்துகள் அந்தத் திறந்த வெளிக்கு வரும். சுங்கை சிப்புட்டிலிருந்து காரில் போகலாம், இல்லையென்றால் ரயிலில் ஆராவ் வரை போய் அங்கே கார் பிடிக்கலாம்.

முதல் நாள் நாங்கள் போய்ச் சேரும்போது காலை பத்து மணி தாண்டிவிட்டது. வழியில் நிதானமாகப் பசியாறிவிட்டுப் போனோம். வெயில் ஏறிவிட்டது, மைனாவைத் தவிர ஒன்றையும் காணவில்லை. அண்ணன் விடாமல் இரண்டு கிலோமீட்டர் நடந்தார். அன்று இரவே முழங்கால் வீங்கி, விடுதியில் ஐஸ் ஒத்தடம் கொடுக்க வேண்டியதாயிற்று. மறுநாள் இருட்டோடு போய், காரை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஏழே முக்கால் இருக்கும். புல் நுனியை உரசுவதுபோல் ஒரு பறவை வந்தது. தலை கறுப்பு, சிறகு நுனி கறுப்பு, உடம்பு பால் வெள்ளை. கிழக்கத்திய நாடுகளிலிருந்து வரும் கறுப்பு வெள்ளைப் பூனைப்பருந்தின் ஆண். சிறகை ஆங்கில 'வி' எழுத்துபோல் தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்ந்து, எங்கள் காருக்கு முன்னால் சாலையைக் கடந்தது. அண்ணன் பைனாகுலரை எடுக்கவே மறந்துவிட்டார். "தங்கச்சி, பாத்தியா" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

அந்த ஒத்திகையால் இரண்டு விஷயம் தெளிவானது. நடந்து பார்க்கும் இடம் எங்களுக்குச் சரிவராது, உட்கார்ந்து காத்திருக்கும் இடம்தான் சரி. இன்னொன்று, எங்கள் இருவருக்கும் வேண்டியது பெயர்ப்பட்டியலில் முன்னூறு பறவை இல்லை. ஒரே வகைப் பறவை, அதன் வெளியில், அது வாழ்கிறபடி. பயணச் செலவு செய்ய முடியாதவர்கள் சூப்பிங்கை மட்டமாக நினைக்க வேண்டாம். அந்தக் கறுப்பு வெள்ளைப் பூனைப்பருந்துக்காக வேலாவதர் போனால் ஏமாந்துதான் வருவோம். அது நம் பக்கம் வரும் பறவை. ஆனால் பல பகுதிகள் தனியார் நிலம், கேட்காமல் உள்ளே நுழையக் கூடாது.

பணக் கணக்கும் போட்டோம். அமெரிக்காவுக்கு இரண்டு பேர் விமானச்சீட்டு, விசா, கார், டூசானில் தங்குமிடம் எல்லாம் சேர்த்து, மகள் வீட்டில் பாதி நாள் தங்கினாலும் எங்கள் கணக்கில் 20,000 மலேசிய வெள்ளிக்குக் கீழே இறங்கவில்லை. வேலாவதரோடு, குஜராத்திலேயே உள்ள சின்ன ராண் என்னும் உப்புவெளியையும் சேர்த்துப் பத்து நாள் போனால் அதில் பாதிக்கும் குறைவு. புகலிடத்துக்குள் நுழையக் கட்டணம் கிடையாது என்பது அரிசோனாவுக்குச் சாதகம், ஆனால் அங்கே போய்ச்சேருவதற்குள் மீதியெல்லாம் கரைந்துவிடுகிறது. விசாவும் அப்படித்தான். இந்தியாவுக்கு வீட்டிலிருந்தே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவுக்குக் கோலாலம்பூர் தூதரகத்தில் நேர்காணல். கிடைக்கும் என்று நிச்சயம் தெரிவதற்கு முன்னால் விமானச்சீட்டு எடுத்துவிடாதீர்கள்.

ஒரு விஷயத்தில் அரிசோனாதான் மேல் என்று நான் இன்னமும் நினைக்கிறேன். தொலைந்துபோன புல்வெளியை மனிதர்கள் எப்படித் திரும்பக் கட்டுகிறார்கள் என்பதை வேறு எங்கே போய்ப் பார்ப்பது? நாற்பது வருடமாக ஒரு காடைக்காகத் தீ வைத்து, புதர் வெட்டி, மழைக்குக் காத்திருக்கிறார்கள். எண்ணிப்பார்த்தால் அங்கே பார்க்க வேண்டியது பறவையைவிட அந்த வேலைதான். இயற்கைப் பாதுகாப்பில் படிப்போ வேலையோ இருப்பவர்கள், ஏற்கெனவே அமெரிக்காவில் பிள்ளைகள் இருந்து அடிக்கடி போய்வருபவர்கள், ஒரு ஆகஸ்டு மாதத்தில் மூன்று நாளாவது அதற்கு ஒதுக்க வேண்டும். முதல் நாள் அரிவாக்கா சதுப்பில் விடியலில் தொடங்கி, மறுநாள் ப்ராங்ஹார்ன் சாலையில் காரிலேயே சுற்றிவந்தால் முழங்கால் வலி உள்ளவரும் சமாளிக்கலாம். தண்ணீர் மட்டும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். வறண்ட வெயிலில் நமக்கு வியர்ப்பதே தெரியாது, அதனால் தாகமும் தெரியாது.

கடைசியில் அண்ணன் மகளிடம் நான்தான் பேசினேன். வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். "அப்பா சந்தோஷமா உட்கார்ந்து பாக்கிற இடத்துக்கே போங்க அத்தை. முடிஞ்சா நானும் அகமதாபாத்துக்கு வந்து சேர்ந்துக்கிறேன்" என்றாள். அப்பாவும் மகளும் சேர்ந்து பார்ப்பதற்கு இப்படி ஒரு வழி இருப்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

ஆக, ஜனவரி இரண்டாவது வாரம். வேலாவதரில் மூன்று இரவு, மூன்று மாலையும் பூனைப்பருந்து இறங்கும் பக்கத்திலேயே. பிறகு சின்ன ராணில் இரண்டு இரவு, காட்டுக் கழுதைகளும் பூநாரைகளும் பார்க்க. விமான நேரங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் சீட்டு மட்டும் இன்னும் எடுக்கவில்லை. அண்ணனுக்கு முழங்காலுக்கான உறையும், எனக்கு விடியற்காலைக் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டையும் ஈப்போவில் வாங்கியாகிவிட்டது. நேற்று மாலை அவர் மேசையில் கூகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கம் திறந்திருந்தது. முட்டை, குஞ்சு என்று இருந்த பத்திகளுக்குக் கீழே புதிதாக மூன்று கோடு போட்டு, மொண்டாகு, வெளிர், சேற்று என்று எழுதி, நேரம் குறிக்க இடம் விட்டு வைத்திருக்கிறார்.